நூலகம் மீட்டுத் தந்த வேலை

2023 ஜனவரியில், பதினோரு ஆண்டுகள் உழைத்த மென்பொருள் நிறுவனம் கால் மணி நேர அழைப்பில் என்னை வெளியே அனுப்பியது. நான்கு மாதங்களில் வேறு வேலை கிடைத்தது. மனம்தான் திரும்பவில்லை. நாளைக்கே அனுப்பிவிடுவார்கள் என்றால் எதற்காக இவ்வளவு உழைப்பது? தினமும் காலையில் கணினியைத் திறக்கும்போதே அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் பயத்துக்கு வழி செய்தேன். ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் சேர்த்தேன். தூக்கம் வந்தது, ஆர்வம் வரவில்லை.

அதைக் கொண்டுவந்தது எங்கள் ஊர் நூலகம். "தலைப்பில் ‘கொ’ இருக்கிற சில புத்தகங்கள் மட்டும் தேடினால் வருவதில்லை, தம்பி" என்றார் நூலகர் அக்கா. இரண்டு இரவுகள் துருவினேன். கணினி எழுத்துகளை எண்களாகப் பதிந்துவைக்கும் முறையான யூனிகோடில், ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடும் கணினிக்கு வேறு வேறு. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் சிறிய நிரல் எழுதினேன். காணாமல்போன புத்தகங்கள் திரையில் வரிசையாக வந்து நின்றன. அக்கா கைதட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் நேசித்தது இந்தத் தொழிலை. அதை யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை.

இப்போது அலுவலகத்தில் எந்தப் பணி வந்தாலும், இதை யார் பயன்படுத்தப்போகிறார் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். மாலை ஆறு மணிக்குக் கணினியை மூடிவிடுகிறேன். சனிக்கிழமை நூலகத்துக்குப் போகிறேன். ஆசிரியர் பெயர்களின் முன்னெழுத்துகளை அடுத்துச் சீராக்க வேண்டும்.