வைக்கிங் பாடத்தைக் கடற்கரை மணலில் நடத்துவது எப்படி

வைக்கிங் (நார்வே, டென்மார்க், ஸ்வீடன் பக்கத்துப் பழைய காலக் கடலோடிகள்) என்றதும் பிள்ளைகள் கொம்பு வைத்த தலைக்கவசத்தையும் கோடாலியையும்தான் வரைந்து காட்டுவார்கள். பாடத்தை அங்கிருந்து தொடங்கினால் முடியும்போதும் அதுதான் மிஞ்சும். மண்டபத்திலோ தேவிபட்டினத்திலோ தொண்டியிலோ சமூக அறிவியல் எடுக்கிற ஆசிரியர், நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவர், கோடை லீவில் வீட்டு வாண்டுகளைச் சமாளிக்கத் திண்டாடுகிறவர், யாராக இருந்தாலும் நான் சொல்வது ஒன்றுதான்: கோடாலியை ஓரமாக வைத்துவிட்டுப் படகிலிருந்து ஆரம்பியுங்கள். 8-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 11-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் நடந்த பாதி விஷயம் அந்தப் படகு எவ்வளவு தண்ணீரில் மிதக்கும் என்பதிலேயே இருக்கிறது. அதைப் புரிய வைக்க நம் கரையைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது.

மே மாதம் சரியான நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் பல கரையேறி மராமத்தில் இருக்கும், வழக்கமாகத் தண்ணீருக்குள் மறைந்திருக்கிற அடிப்பாகத்தைப் பிள்ளைகள் தொட்டே பார்க்கலாம். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று தொடங்கினால் மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடல் கொந்தளிக்கும், அப்போது வடகடல் அடங்கியிருக்கும். அதனால் பாக் நீரிணைப் பக்கம், ஆழமில்லாத கரையாகப் பார்த்து, வெயில் தாழ்ந்ததும் கூட்டிப் போங்கள். தனுஷ்கோடி வேண்டவே வேண்டாம். பார்க்க அழகுதான், ஆனால் நீரோட்டம் இழுத்துவிடும்.

முதல் வேலை கயிறு. வலைக் கடையில் ஒரு நீளமான நைலான் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே மீட்டர் டேப்பும் கொஞ்சம் குச்சிகளும். நார்வேயில் 1880-இல் ஒரு புதைமேட்டைத் தோண்டியபோது கிடைத்த கோக்ஸ்டாட் கப்பல்தான் நம் மாதிரி. நீளம் கிட்டத்தட்ட 24 மீட்டர், நடுவில் அகலம் 5 மீட்டர், இரண்டு முனையும் ஒரே மாதிரி கூர்ந்து மேலே எழும். இந்த அளவில் மணலில் கயிற்றை வளைத்துப் போடுங்கள். ஒரு பக்கத்துக்கு 16 துடுப்பு, ஆக 32 பேர், ஆளுக்கு ஆள் சுமார் ஒரு மீட்டர் இடைவெளி. பிள்ளைகளை உட்கார வையுங்கள். இருக்கைப் பலகை எதுவும் கப்பலில் கிடைக்கவில்லை, ஆளாளுக்குத் தங்கள் பெட்டி மேலேயே உட்கார்ந்து துடுப்பு போட்டிருப்பார்கள் என்று கருதுகிறார்கள். பள்ளிக்கூடப் பையை வைத்து அதன் மேல் உட்காரச் சொன்னால் சரியாகப் போயிற்று.

உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் ஒருத்தன் கேட்பான், “சார், மழை பெஞ்சா எங்க படுப்பாங்க?” இந்தக் கேள்விக்காகத்தான் கயிறே போட்டோம். இந்தக் கப்பலில் அறை கிடையாது, கூரை கிடையாது. 1904-இல் தோண்டியெடுத்த இன்னொரு கப்பலான ஓசெபர்கில் கூடாரச் சட்டமும் இரும்புக் கொப்பரையும் இருந்தன. முடிந்தபோதெல்லாம் இருட்டுவதற்குள் கரை பிடித்து, கூடாரம் போட்டு, கஞ்சி காய்ச்சிக் குடித்துப் படுப்பது. சாப்பாட்டில் கருவாடும் உண்டு. உப்பே போடாமல் வடக்கு நார்வேயின் குளிர்காற்றில் மாதக்கணக்கில் காயவைத்த காட் மீன் அது. இதைச் சொன்னதும் நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வைக்கிங் சொந்தக்காரனாகிவிடுவான்.

சரி, அடுத்து எல்லோரையும் எழுப்பித் தண்ணீருக்குள் நடக்க விடுங்கள், இடுப்பளவு வந்ததும் நிற்கச் சொல்லுங்கள், பெரியவர்கள் கடல் பக்கம் நின்றுகொள்ளுங்கள். அந்தப் பெரிய கப்பல் ஆட்களோடும் சாமான்களோடும் மிதக்க இந்த ஆழம் போதும். ஒரு மீட்டருக்கும் குறைவு. துறைமுகம் வேண்டாம், நேராக மணலில் ஏற்றி நிறுத்தலாம், காரியம் முடிந்ததும் தள்ளிக்கொண்டு போய்விடலாம், முனை இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் திருப்பக்கூட வேண்டியதில்லை. இதை வாயால் சொன்னால் ஒரு வரி. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று திரும்பி ஊரைப் பார்க்கிற பிள்ளைக்கு, கரையில் இருந்தவன் ஏன் பயந்தான் என்று தானாகப் புரியும்.

கப்பல் எப்படி இவ்வளவு லேசாக இருந்தது? இதற்கு அக்கம்பக்கத்தில் படகு கட்டுகிற ஓடாவி யாராவது இருந்தால் கூப்பிடுங்கள். நம் வள்ளத்தில் பலகை விளிம்போடு விளிம்பு சேரும். அவர்களுடையதில் ஓடு வேய்ந்த மாதிரி மேல் பலகை கீழ்ப் பலகையின் மேல் கொஞ்சம் ஏறி உட்காரும், ஏறின இடத்தில் இரும்பு ஆணி அடித்து உள்பக்கம் மடக்கிவிடுவார்கள். கலப்பத்துக்கு, அதாவது பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைக்க, தாரில் நனைத்த ஆட்டு ரோமம். ஓக் மரத்தை ரம்பத்தால் அறுக்காமல் கோடாலியும் ஆப்பும் வைத்து ரேகையோடு பிளந்ததால் மெல்லிய பலகையும் தாங்கியது, அலை அடித்தால் கப்பல் உடையாமல் கொஞ்சம் வளைந்து கொடுத்தது. 1893-இல் இதே கோக்ஸ்டாட் அளவில் ஒரு கப்பல் கட்டி, பெர்கனிலிருந்து பாய் விரித்து 28 நாளில் நியூஃபவுண்ட்லாந்து போய்ச் சேர்ந்தார்கள். பாய் கம்பளியால் ஆனது, பெரிய கப்பலுக்குச் சுமார் 100 சதுர மீட்டர். எத்தனை ஆடு, எத்தனை பெண்கள், எத்தனை மாசம் நூல் நூற்றிருப்பார்கள் என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். வைக்கிங் கதையில் பெண்களே இல்லையா என்று யாராவது கேட்டால் அங்கே விரிந்து நிற்கிற பாயைக் காட்டுங்கள். ஓசெபர்க் கப்பலில் புதைக்கப்பட்டவர்களும் இரண்டு பெண்கள்தான்.

கொள்ளையை இப்போது சொல்லலாம். 793 ஜூனில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் லிண்டிஸ்பார்ன் மடத்தைத் தாக்கினார்கள். கடல் ஏறினால் தீவு, இறங்கினால் நடந்தே போகலாம் என்கிற இடம். ஒரு புனிதரின் உடல் அங்கே இருந்ததால் ஜனங்கள் யாத்திரை வருவார்கள், வெள்ளியும் பொன்னும் காணிக்கையாகச் சேரும், காவலுக்கு என்று படை கிடையாது. ராமேசுவரத்துப் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. தீவு, கோயில், காணிக்கை, சுற்றிக் கடல். பிராங்க் ராஜா சார்லமேனின் அரசவையில் இருந்த அல்குயின் என்கிற அறிஞர், கடல் வழியாக இப்படி ஒரு தாக்குதல் வரும் என்று யாரும் நினைத்ததே இல்லை என்று எழுதினார். கடல்தான் வேலி என்று நம்பியிருந்தார்கள், வந்தவர்களுக்கு அது சாலையாக இருந்தது.

இதற்குப் பிறகு வருஷங்களை அடுக்கிப் பிள்ளைகளைத் தூங்க வைக்காதீர்கள். மூன்று கட்டமாகச் சொன்னால் போதும். முதலில் கோடையில் வந்து அடித்துவிட்டு அறுவடைக்கு ஊர் திரும்பினார்கள். அப்புறம் திரும்பாமல் அங்கேயே குளிர்காலத்தைக் கழிக்க ஆரம்பித்தார்கள், 841-இல் டப்ளினில் படகுகளுக்குக் கோட்டை போட்டதும் 843-இல் பிரான்சின் லுவார் முகத்தில் ஒரு தீவில் தங்கியதும் அப்படித்தான். கடைசியில் நிலமே பிடித்தார்கள். 865-இல் இங்கிலாந்தில் இறங்கிய பெரும்படை யார்க்கைப் பிடித்து, நான்கு ராஜ்ஜியத்தில் மூன்றை விழுங்கியது. 878-இல் எடிங்டனில் நான்காவது ராஜ்ஜியமான வெசெக்ஸின் ராஜா ஆல்ஃபிரட் ஜெயித்ததால்தான் மிச்சம் நின்றது. மற்ற மூன்று அரசும் போய்விட்டதால் அவருடைய வாரிசுகள் மொத்தத்தையும் ஒரே இங்கிலாந்தாகச் சேர்க்க முடிந்தது. கொள்ளை அடிக்க வந்தவர்கள் ஒரு தேசத்தை உருவாக்கிவிட்டுப் போனது அவர்களே எதிர்பார்க்காத விஷயம்.

ஆறுகளைப் பற்றிச் சொல்லும்போது வரைபடத்தை மணலிலேயே போடுங்கள். 845-இல் 120 கப்பல் சேன் ஆற்றில் ஏறிப் பாரிசுக்கே வந்தது. ராஜா 7,000 பவுண்டு வெள்ளி கொடுத்து அனுப்பினார். கொடுத்தால் போய்விடுவான் என்பது சரி, திரும்பி வருவான் என்பதும் சரி. 885-இல் மறுபடி வந்து பாரிசை மாதக்கணக்கில் முற்றுகை போட்டார்கள். பிள்ளைகளுக்கு உறைக்க வேண்டுமென்றால் ஆற்றங்கரை என்ற ஊரில் வைகை கடலில் சேருகிற இடத்தைக் குறித்து, அங்கிருந்து மதுரை வரை ஒரு கோடு இழுத்து, இந்த வழியாக அம்மன் கோயில் வாசலுக்கே படகு வந்தால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். வைகையில் தண்ணீர் எங்கே என்று ஒரு குரல் வரும், வரட்டும். கிழக்கே போனவர்களுக்கு ஆறு முடிந்த இடத்திலும் பயணம் முடியவில்லை. படகைத் தோளிலும் தரையிலும் சுமந்து அடுத்த ஆற்றில் இறக்கினார்கள், நீப்பர் ஆற்றின் பாறை நிறைந்த இடங்களையும் அப்படியே தாண்டினார்கள். நோவ்கொரோட், கீவ் என்று வணிக ஊர்கள் வளர்ந்தன, 860-இல் கான்ஸ்டான்டினோபிளின் (இன்றைய இஸ்தான்புல்) வாசலில் போய் நின்றார்கள், பின்னாளில் அந்த ஊர்ப் பேரரசரின் மெய்க்காவல் படையிலும் சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள். அங்கே தேவாலயமாக இருந்த ஆயா சோபியாவின் மேல்மாடக் கைப்பிடிச் சுவரில் ஒருத்தன் தன் பெயரைக் கிறுக்கிவைத்ததை இன்றைக்கும் பார்க்கலாம். சுற்றுலா போன இடத்தில் பெயர் கீறுகிற பழக்கம் நேற்று வந்ததில்லை.

இந்தக் கிழக்கு வழியில் அரபு வெள்ளிக்காசு மூட்டை மூட்டையாக வடக்கே போனது. ஸ்வீடனின் காட்லாந்து தீவில் ஸ்பில்லிங்ஸ் என்ற பண்ணையில் 1999-இல் கிடைத்த புதையலில் மட்டும் 67 கிலோ வெள்ளி, 14,000-க்கும் மேல் காசுகள். காசை எண்ணிக் கொடுக்க மாட்டார்கள், தராசில் போடுவார்கள், எடை குறைந்தால் வளையலையே வெட்டிப் போடுவார்கள். ஸ்டாக்ஹோம் பக்கத்தில் ஹெல்யோ என்ற இடத்தில் 1950-களில் தோண்டியபோது ஒரு சாண்கூட இல்லாத வெண்கலப் புத்தர் கிடைத்தார், 6-ஆம் நூற்றாண்டில் நம் துணைக்கண்டத்தின் வடமேற்கில் வார்த்தது. அழகன்குளத்துப் பானையோட்டில் கீறிய கப்பலைப் பார்த்த பிள்ளைகளுக்கு, சாமான் எவ்வளவு தூரம் கைமாறும் என்பது ஆச்சரியமாக இருக்காது.

மேற்கே போன கதைக்கு வயதான மீனவர் ஒருவரை உட்கார வைத்தே ஆக வேண்டும். “அதெல்லாம் எனக்கென்னப்பா தெரியும்” என்பார். “ஐயா, கடலுக்கடியில பார், அதான் பாறைத் திட்டு, இருக்கிற இடத்த ஜிபிஎஸ் இல்லாம எப்படிக் கண்டுபிடிப்பீங்க, அத மட்டும் சொல்லுங்க” என்று கேளுங்கள். கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் பனைமரத்தையும் இரண்டிரண்டாக நேர் வைப்பது, தண்ணீரின் நிறம், காற்று திரும்புகிற நேரம் என்று அவர் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அவர் முடித்ததும் ஐஸ்லாந்தின் பழைய குடியேற்ற ஏட்டில் நார்வேயிலிருந்து கிரீன்லாந்து போக எழுதிவைத்த வழியைச் சொல்லுங்கள்: ஷெட்லாந்துக்கு வடக்கே போ, வானம் தெளிந்திருந்தால் மட்டும் தீவு தெரிகிற தூரத்தில், ஃபேரோ தீவுகளுக்குத் தெற்கே போ, மலையின் பாதி வரை கடல் ஏறித் தெரிகிற மாதிரி, ஐஸ்லாந்துக்குத் தெற்கே, அங்கிருந்து பறவையும் திமிங்கலமும் கண்ணில் படுகிற தூரத்தில் போ. பெரியவர் தலையாட்டுவார் பாருங்கள்.

அப்படிப் போனவர்கள் 870-களில் ஐஸ்லாந்தில் குடியேறினார்கள், 930-இல் ராஜா இல்லாமலே ஒரு பொதுச்சபை வைத்துக்கொண்டார்கள். செம்பட்டைத் தலை எரிக் கிரீன்லாந்துக்கு 25 கப்பலோடு புறப்பட்டு 14 மட்டும் போய்ச் சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் அவர்கள் தங்கின வீடுகள் 1960-இல் கண்டுபிடிக்கப்பட்டன, அங்கே இரும்புக் கருவியால் வெட்டிய மரம் 1021-ஆம் வருஷத்தது என்று ஆண்டு வளையத்தை வைத்துக் கணித்திருக்கிறார்கள். பிரான்சில் 911-இல் ரோலோவுக்கு ராஜாவே நிலம் கொடுத்து உட்கார வைத்தார், அதுதான் நார்மண்டி. அவர் வம்சத்து வில்லியம் 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்தது பாடப்புத்தகத்திலேயே இருக்கும், அதை விட்டுவிடலாம்.

விடக் கூடாதது ஒன்று. வீரதீரக் கதையாக மட்டும் சொல்லி முடிக்காதீர்கள். அவர்கள் அள்ளிக்கொண்டு போனதில் பெரிய சரக்கு மனிதர்கள். டப்ளின் அடிமைச் சந்தையாகவும் இருந்தது. மரபணு ஆய்வுகளின்படி ஐஸ்லாந்தில் முதலில் குடியேறிய ஆண்களில் பெரும்பாலோர் ஸ்காண்டிநேவியர், பெண்களிலோ பாதிக்கு மேல் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்தவர்கள். எல்லோரும் விரும்பித்தான் கப்பல் ஏறினார்களா என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையே கேட்டுவிடும்.

பெரிய பிள்ளைகளாக இருந்தால் இன்னொன்றையும் பக்கத்தில் வையுங்கள். டேனிய ராஜா கனூட் 1018-இல் இங்கிலாந்திடம் 72,000 பவுண்டு கறந்தார், லண்டனுக்குத் தனிக்கணக்கு. அதற்கு முந்தைய வருஷம் ராஜேந்திர சோழனின் படை இலங்கையில் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்தது, 1025-இல் கடாரத்துக்குக் கப்பல் போனது. நாம் வெற்றி என்று மெய்க்கீர்த்தியில் படிப்பதை, தாதுகோபங்களை உடைத்துப் பொற்சிலைகளை அள்ளிப் போனார்கள் என்று இலங்கையின் சூளவம்சம் எழுதி வைத்திருக்கிறது. லிண்டிஸ்பார்னைப் பற்றி எழுதியதும் துறவிகள், இதை எழுதியதும் துறவிகள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும், சோழர் கட்சிக்குத்தான் கூட்டம் அதிகமாக இருக்கும். அடக்காதீர்கள். ஒரு கட்சியை மடத்துத் துறவியாகவும் இன்னொரு கட்சியைக் கப்பலில் வந்தவனாகவும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், அப்புறம் கட்சி மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

கொம்பு விஷயத்தை இதற்குப் பிறகு சொன்னால் போதும். 1943-இல் நார்வேயில் கிடைத்த வைக்கிங் தலைக்கவசத்தில் கொம்பு இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஓவியர்களும் ஜெர்மானிய இசை நாடக மேடையும் சேர்ந்து மாட்டிவிட்டது அது. நேரம் மிஞ்சினால் கைபேசியை எடுத்து ப்ளூடூத் குறியைக் காட்டுங்கள். டென்மார்க்கை ஒன்றாக்கிய ராஜா ஹரால்டின் பட்டப்பெயர்தான் ப்ளூடூத், குறியில் இருப்பது அவர் பெயர், பட்டப்பெயர் இரண்டின் முதல் எழுத்துகளும் வைக்கிங் லிபியில் ஒன்றின் மேல் ஒன்றாக. கிளம்பும்போது கயிற்றைச் சுருட்டிக்கொள்ளுங்கள், குச்சிகளையும் பொறுக்கிக்கொள்ளுங்கள், ராத்திரி படகு தள்ளுகிறவர்கள் காலில் குத்தும்.