100 ஆம்பியர்-மணி பேட்டரி 80-லேயே நின்றுவிடுகிறதா?

யாங்கோனின் மின்வெட்டைச் சமாளிக்க, லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களை வாங்கி வீட்டிலேயே பேட்டரி கட்டிக்கொள்பவர்கள் நம்மில் உண்டு. 100 ஆம்பியர்-மணி செல்கள் நான்கைத் தொடராக இணைத்தும் 80தான் கிடைக்கிறது என்றால், உடனே விற்றவரைத் திட்ட வேண்டாம். தொடர் இணைப்பில் நோஞ்சான் செல் வைத்ததுதான் சட்டம். அது 2.5 வோல்ட்டைத் தொட்டதும், மற்ற மூன்றில் எவ்வளவு மிச்சமிருந்தாலும் செல்களைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். பலகை மின்சாரத்தை நிறுத்திவிடும்.

அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். பேட்டரி நிற்கப்போகும் நேரத்தில், மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு செல்லாக அளந்து பாருங்கள். மூன்று செல்கள் 3.1 காட்ட, ஒன்று மட்டும் 2.7-க்கு இறங்கியிருக்கும். அதே செல்லை சார்ஜ் முடியும் தறுவாயிலும் அளக்க வேண்டும்; பலர் விட்டுவிடுவது இதைத்தான். அங்கே அது மற்றவற்றை முந்திக்கொண்டு 3.65-ஐத் தொட்டால், அதன் கொள்ளளவே குறைவு. மாற்றத்தான் வேண்டும். அங்கேயும் பின்தங்கியிருந்தால் செல் பெரும்பாலும் நல்லதுதான், சரியாக நிரம்பவில்லை. இணைப்பைக் கழற்றி, 3.65 வோல்ட்டுக்கு வைத்த சார்ஜரில் அதைத் தனியாக நிரப்புங்கள். சார்ஜரின் வோல்ட் அளவை மாட்டுவதற்கு முன்பே சரிபாருங்கள். கூடினால் செல் உப்பிவிடும்.

செல்களை இணைக்கும் பட்டையின் திருகு தளர்ந்திருந்தாலும் வோல்ட் விழுந்து பி.எம்.எஸ். ஏமாறும். இன்வெர்ட்டர் தின்பதையும் செல்லின் கணக்கில் எழுதாதீர்கள்.

18650 எனப்படும் சிறிய உருளை வடிவ லித்தியம் செல்லின் மேல் 9900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால், கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நல்ல செல்லிலேயே 3500 வாக்கில்தான் கிடைக்கும்.