வீட்டுக்கு மூடிய சேர்வர் றாக்: கடற்கரை ஊரில் தெரிவு செய்வதும் பூட்டுவதும்

றாக் என்பது இணையப் பெட்டிகளை அடுக்கிப் பூட்டும் இரும்பு அலுமாரி. மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டில் பூட்டிய றாக் கச்சான் காற்றையும் கண்டுவிட்டது, மாரி மழையையும் கண்டுவிட்டது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஏசி அறையை மனதில் வைத்தவை. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் றாக் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வெக்கையையும் உப்பையும்.

உள்ளே இருப்பவை ஒரு ஃபைபர் பெட்டி, ரவுட்டர், டேட்டா வயரிலேயே கமெராவுக்கு மின்னும் கொடுக்கும் 16 துறை பிஓஇ சுவிட்ச், கமெராப் பதிவுப் பெட்டி, மினி கணினி, இரண்டு டிஸ்க் போடும் நாஸ் (வீட்டில் எல்லாரும் கோப்புகள் சேமிக்கும் பெட்டி). எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 120 வாட். இந்த அளவு வீட்டுக்குத்தான் இந்த விளக்கம்.

எத்தனை யூ என்பதற்கு முன் ஆழம்

கடையில் முதலில் கேட்பது "எத்தனை யூ?" என்றுதான். ஒரு யூ என்பது 44.45 மில்லிமீற்றர் உயரம். முன்பலகையின் அகலம் எல்லா 19 அங்குல றாக்கிலும் ஒன்றே, 482.6 மில்லிமீற்றர். ஆனால் ஆழம் 450, 600, 800, 1000 என்று மாறும், காசு வீணாவதும் அங்கேதான்.

வெளி ஆழம் 600 என்று எழுதியிருந்தால் உள்ளே 600 கிடைக்காது. பெட்டிகளைத் திருகும் முன் தண்டு கதவிலிருந்து 80 மில்லிமீற்றராவது உள்ளே தள்ளி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டிகளை இணைக்கும் குட்டையான பட்ச் வயர்கள் கதவில் நசுங்கும். பின்னால் பிளக்குக்கும் வயர் வளைவுக்கும் இன்னொரு 80 விடுங்கள். மிஞ்சுவது 440 அளவு. உங்களிடம் உள்ளதில் மிக நீளமான பெட்டியை அளந்து, அதோடு 160 கூட்டுங்கள். வருகிற எண்ணுக்குக் கீழே வாங்காதீர்கள். கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய சேர்வரை மலிவாக வாங்கிப் போடும் எண்ணம் இருந்தால் அது 70 சென்ரிமீற்றர் அளவு நீளம் வரும். சுவரில் தொங்கும் றாக்கை மறந்துவிட்டு 1000 ஆழமுள்ள தரை றாக்குக்குப் போங்கள்.

உயரக் கணக்கு லேசானது. வீட்டு வயர்கள் வந்து முடியும் பட்ச் பலகை 1, சுவிட்ச் 1, பதிவுப் பெட்டிக்குத் தட்டோடு 2, மினி கணினியும் ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் ஒரே தட்டில் 2, மின்பலகை 1. எங்கள் நாஸ் 165 மில்லிமீற்றர் உயரம், அதற்கு 4. மொத்தம் 11. ஆகவே 12 யூ வாங்கி, மேலே விசிறிக்குக் கீழுள்ள ஒரு யூவை வெறுமனே விட்டேன்.

இரும்புப் பெட்டிக்குள் வைத்த ரவுட்டரின் வைஃபை வெளியே ஒழுங்காக வராது. றாக்குக்குள் உள்ளதில் வைஃபையை அணைத்துவிட்டு, கூரையடியில் தனி அக்சஸ் பொயின்ட் பூட்டுங்கள். செலவுக் கணக்கில் அதையும் சேர்த்துத்தான் றாக் வாங்க இறங்க வேண்டும்.

கண்ணாடிக் கதவா, துளைக் கதவா

வீட்டில் எல்லாருக்கும் கண்ணாடிக் கதவுதான் பிடிக்கும். நான் துளைக் கதவு என்றுதான் சொல்வேன். காரணம் இதுதான். வீட்டு ரவுட்டர், சுவிட்ச் போன்றவற்றின் கையேட்டில் சுற்றுக் காற்று 40 பாகை செல்சியஸ் வரை என்று போட்டிருப்பார்கள். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும் மதியங்களில் ஓட்டு வீட்டு அறையே 35 பாகைக்கு வந்துவிடும். றாக்குக்குள் ஏறுவதற்கு நமக்கு மிஞ்சுவது 5 பாகைதான்.

அந்த 5 பாகைக்குள் நிற்க எவ்வளவு காற்று வேண்டும்? வாட் எண்ணை 1.76 ஆல் பெருக்கி, அனுமதிக்கும் பாகையால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று வரும். 120 வாட், 5 பாகை என்றால் 42 கன அடி. 120 மில்லிமீற்றர் விசிறியின் பெட்டியில் இதைவிடப் பெரிய எண் இருக்கும், ஆனால் அது தடையே இல்லாமல் ஓடும்போது அளந்தது. துளைத் தகடும் வடிகட்டியும் நடுவில் வந்தால் அதில் பாதியை நம்பலாம். அதனால் கூரைத் தகட்டில் இரண்டு விசிறி, இரண்டும் காற்றை வெளியே தள்ளும் பக்கமாக. உள்ளே வரும் காற்று முன்கதவின் கீழ்ப்பாதியால் வரட்டும். பாவிக்காத யூக்களை வெற்றுப் பலகையால் மூடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் போன சூடு சுற்றி முன்னுக்கே வரும்.

துளைக் கதவால் மணல் வருமே என்றால், கதவின் உட்பக்கம் நுளம்பு வலையை ஒற்றை மடிப்பாக ஒட்டிவிடுங்கள். பல்லியும் வராது. மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவிக் காயவைத்துப் போட வேண்டும்.

உப்பு

கடல் உப்பு தூளாகப் படிந்திருக்கும்வரை பெரிதாக ஒன்றும் செய்யாது. காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டும்போது அது தானே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். அந்த ஈரம் மின்னைக் கடத்தும். கச்சான் காலத்தில் படிந்தது மாரியில் வேலையைக் காட்டுவது இதனால்தான். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி சூடாக இருப்பதால் அதனுள் ஈரம் தங்காது. ஐப்பசி முதல் தை வரை நாஸையும் சுவிட்சையும் நாட்கணக்கில் அணைத்து வைக்காமல் ஓடவிடுவது நல்லது. நீண்ட நாள் அணைத்திருந்தால் மூடியைக் கழற்றித் தூசியை மென்தூரிகையால் எடுத்த பிறகு மின் கொடுங்கள்.

றாக்கில் துளை போட்டால், வெட்டினால், பவுடர் பூச்சு போன இடத்தில் அன்றைக்கே துருத்தடுப்பு பிரைமர் பூசிவிடுங்கள்.

எங்கே வைப்பது

கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வேண்டாம். மாரியில் ஓதம் ஏறும் வெளிச்சுவரிலும் வேண்டாம். உட்சுவர்தான் சரி. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு உயரத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. றாக்கின் அடி நெஞ்சு மட்டத்தில் நிற்கட்டும். தரை றாக் என்றால் சீமெந்துக் கல் அடுக்கி மேடை கட்டி ஏற்றுங்கள்.

யூபிஎஸ்ஸை றாக்குக்குள் வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஈய அமில பற்றரியின் ஆயுள் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறக்குறைய பாதியாகக் குறையும். வெளியே வைத்தால் சுவருக்குப் பாரமும் குறையும். அதைக் கீழே தனி மேடையில் வையுங்கள்.

பூட்டுவது

கொழும்பு யூனிட்டி பிளாசா பக்கம் வாங்கி ஊருக்கு எடுப்பவர்கள் கழற்றிய நிலையில் வரும் றாக்கைக் கேளுங்கள். தட்டையான பெட்டியாக வருவதால் வழியில் நசுங்காது.

அடித்தகடு, மேல்தகடு, முன்சட்டம், பின்சட்டம் என்று சேர்க்கும்போது எந்த போல்டையும் முழுதாக இறுக்காதீர்கள். எல்லாம் சேர்ந்த பிறகு மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து, இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை தட்டிச் சரிசெய்து, பிறகு எதிரெதிர் மூலைகளாக இறுக்குங்கள். கோணலாக இறுக்கிய றாக்கில் கதவுப் பூட்டு ஒருநாளும் விழாது. இதற்கு 10 மில்லிமீற்றர் ஸ்பனரும் கைத் திருப்புளியும் போதும். இம்பாக்ட் டிரைவரை றாக் பக்கமே கொண்டுபோகாதீர்கள், எம்6 புரி ஒரு நொடியில் அழிந்துவிடும்.

இனி ஆட்களை அதிகம் அலைக்கழிக்கும் இடம்: கூட்டு நட், அதாவது தண்டின் சதுரத் துளையில் மாட்டும், சிறு தகட்டுக் கூட்டுக்குள் இருக்கும் நட் (கேஜ் நட்).

தண்டில் உள்ள சதுரத் துளைகள் சம இடைவெளியில் இருப்பதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். அப்படி இல்லை. 15.875, 15.875, 12.7 என்று மூன்று இடைவெளிகள் திரும்பத் திரும்ப வரும். மூன்றையும் கூட்டினால் 44.45, அதாவது ஒரு யூ. குறுகிய 12.7 இடைவெளியின் நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்குகிறது. பெட்டியை நினைத்த துளையில் வைத்தால் மேல் திருகு பொருந்தும், கீழ்த்திருகு பொருந்தாது. பலர் பெட்டியில் பிழை என்று நினைத்து, அதன் ஓரத்தில் திருகு போடும் காதை வளைக்கப் பார்ப்பார்கள்.

நான் செய்வது இது. எதையும் பூட்டுவதற்கு முன், தண்டின் அடியிலிருந்து ஒவ்வொரு குறுகிய இடைவெளியின் நடுவிலும் மார்க்கரால் கோடு போட்டு 1, 2, 3 என்று எண் எழுதுவேன். நான்கு தண்டிலும். யூ எண் அச்சிட்டு வந்த றாக்கிலும் ஒருமுறை சரிபார்ப்பேன். பிறகு ஒரு வெறும் தட்டை நடுவில் வைத்துப் பார்த்தால் இடது தண்டும் வலது தண்டும் ஒரு துளை ஏறி இறங்கி நிற்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரு யூ பெட்டிக்கு அந்த யூவின் மேல்துளையும் கீழ்த்துளையும், நடுத்துளை வெறுமனே இருக்கும்.

கூட்டு நட்டைத் தண்டின் உட்பக்கத்திலிருந்து போட வேண்டும். அதன் இரண்டு காதுகளும் துளையின் இடது வலது ஓரங்களைப் பிடிக்க வேண்டும். மேல் கீழாகப் போட்டால் பாரம் ஏறும்போது நழுவப் பார்க்கும், பக்கத்துத் துளையில் வரும் நட்டோடும் இடிக்கும். முதலில் ஒரு காதை மாட்டி, மற்றதை அதற்கென்றே வரும் கொக்கித் தகட்டால் இழுத்து விடுங்கள். தட்டைத் திருப்புளியால் நெம்புகிறவர்களின் விரலைப் பார்த்தால் தெரியும். கையுறை போடுங்கள், கொக்கித் தகடு ஒன்று கேட்டு வாங்குங்கள்.

பாரமானது கீழே, சூடானது மேலே. மின்வயர் ஒரு பக்கம், டேட்டா வயர் மற்றப் பக்கம். வயர்களைப் பிளாஸ்ரிக் டையால் இறுக்காமல் வெல்க்ரோவால் கட்டுங்கள். கேட் 6 வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். செம்பு பூசிய அலுமினியம் பிஓஇக்கு ஆகாது.

எர்த்

பவுடர் பூச்சு மின்னைக் கடத்தாது. ஆகவே சட்டத்தோடு போல்ட் போட்டதால் மட்டும் கதவுக்கும் பக்கத்தகட்டுக்கும் எர்த் வந்துவிடாது. ஒவ்வொரு தகட்டிலும் உள்ள எர்த் முளைக்குப் பச்சை மஞ்சள் வயர் கொடுத்து, பல் வைத்த வாஷர் போட்டு, சட்டத்தின் பிரதான முளைக்குக் கொண்டுவாருங்கள். மல்டிமீற்றரால் கதவுக்கும் முளைக்கும் இடையே பார்த்தால் தடை பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். அங்கிருந்து வீட்டு எர்த்துக்கு இணைப்பதையும், ட்ரிப் சுவிட்ச் சரியாக விழுகிறதா என்பதையும் மின் வேலை படித்தவர் ஒருவரைக் கொண்டு பாருங்கள். சித்திரை, ஐப்பசி இடிமழையில் வெளிக் கமெரா வயர் வழியாகவும் மின்னல் அடி உள்ளே வரும். வெளியே ஓடும் ஒவ்வொரு வயருக்கும் றாக்கின் எர்த்தோடு சேர்ந்த சேர்ஜ் தடுப்பு (திடீரென ஏறும் மின்னைத் தடுப்பது) வையுங்கள்.

பிற்சேர்க்கை 1

கல்முனையிலிருந்து ஒரு தம்பி கேட்டது: சுவர் உள்ளே பொந்துள்ள சீமெந்துக் கல், எக்ஸ்பான்ஷன் போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது பிடிக்காது தம்பி. 600 ஆழமான பெட்டி மேல் போல்டுகளை வெளிப்பக்கமாக இழுக்கும். சுவரை ஊடுருவிப் போகும் நீள போல்ட் போட்டு, மறுபக்கம் இரும்புப் பட்டை வைத்து நட் இறுக்குங்கள். மறுபக்கம் அடுத்த வீடு என்றால், வெல்டிங் கடையில் எல் இரும்பில் கால் அடித்து றாக்கைத் தரையில் நிறுத்தி, சுவரில் சாயாமல் பிடிக்க மட்டும் இரண்டு ரோல் பிளக் போடுங்கள்.

பிற்சேர்க்கை 2

எறும்பு பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். மாரி தொடங்கியதும் சூடு தேடி வயர்த் துளையால் ஏறும். துளையில் தூரிகைப் பட்டை வரும் றாக்காக இருந்தாலும் வயரைச் சுற்றி இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் பஞ்சுத் துண்டு அடைத்துவிடுங்கள். வெளியிலிருந்து வரும் வயர் நுழைவதற்கு முன் கீழே தொங்கி மேலேறும் வளைவு ஒன்று விட்டால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பூச்சி மருந்தை றாக்குக்குள் அடிக்க வேண்டாம், அது பலகையில் ஒட்டிப் படியும், விசிறியும் இழுத்துப் பரப்பும். மருந்து போடுவதானால் சுவர் அடியில் போடுங்கள்.