புதிய கைபேசியில் சார்ஜ் நிற்காத சிக்கல்: என் அனுபவம்
டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கும் நானும் என் தங்கையும் ஒரே வகை ஆண்ட்ராய்டு கைபேசியை வாங்கினோம். நகர மையத்தில் வேலை பார்க்கும் அவளுடையது நாள் முழுவதும் தாங்க, என்னுடையதோ மதியத்திற்குள் சூடேறிச் சார்ஜ் தீர்ந்துவிடும். கடையில் திருப்பிக் கொடுப்பதற்கு முன், நாம் நிறுவிய செயலிகளை முடக்கிவைக்கும் சேஃப் மோடில் இயக்கிப் பார்த்தேன்; அப்போதும் சூடு தணியவில்லை. மேட்டுக்குப் பின்னால் உள்ள எங்கள் வீட்டில் 5ஜி சிக்னல் வந்து வந்து மறைகிறது. சிக்னல் மெலியும்போது கைபேசி கோபுரத்தை எட்டக் கூடுதல் மின்சக்தியைச் செலவிடும் என்பதால், அமைப்புகளில் மொபைல் நெட்வொர்க் வகையை 4ஜி என மாற்றினேன். இப்போது இரவு வரை சார்ஜ் நிற்கிறது. நீண்ட மின்வெட்டில் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துபோனால் மட்டும், ஏரோப்ளேன் மோடுக்கு மாற்றிவிடுகிறேன்.