மீன்வள வாரியமும் மின்கட்டண ஆணையமும்: அலாஸ்கா நியமன ஒப்புதலைப் புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 ஏப்ரலில், மாநில மீன்வள வாரியத்துக்கு ஆளுநர் மைக் டன்லீவி முன்மொழிந்த கார்ல் ஜான்ஸ்டனின் பெயர் அலாஸ்கா சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 24, எதிர்ப்பு 33. ஓய்வுபெற்ற நீதிபதி அவர். அதே வாரியத்துக்கு முன்பு தலைமை தாங்கியவரும்கூட. அப்படியும் தேறவில்லை. இப்படி ஒரு செய்தியைப் படித்ததும் நம் மனம் உடனே ஒரு கதையை எழுதிக்கொள்கிறது: ஆளுநர் ஒரு கட்சி, சபை இன்னொரு கட்சி, பழிவாங்கிவிட்டார்கள். பெரும்பாலும் அந்தக் கதை தப்பு. அலாஸ்காவில் மீன் அரசியல் கட்சிக் கொடிக்குள் அடங்காது.

அமெரிக்க மாநில விவகாரங்களைத் தமிழில் எழுதுகிறவர்களும், அங்கே குடியேறி உள்ளூர் நிர்வாகத்தில் குரல் கொடுக்க நினைப்பவர்களும் இந்த நியமன விஷயத்தில் சில இடங்களில் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுகிறார்கள். மீன்வள வாரியம், பொதுப்பயன்பாட்டு ஒழுங்குமுறை ஆணையம் என்ற இரண்டை மட்டும் வைத்து அந்த இடங்களைக் காட்டுகிறேன். எல்லாம் தெரிந்த நிருபர்களும் இதில் சறுக்குவதுண்டு.

நம்மூர்க் கண்ணாடியைக் கழற்றி வையுங்கள்

‘வாரியத் தலைவர்’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தேர்தலில் சீட் கிடைக்காத ஒருவருக்குக் கிடைத்த ஆறுதல் பதவி, அதோடு ஒரு அரசு கார். அலாஸ்கா மீன்வள வாரியம் அந்த ரகம் இல்லை. ஏழு பேர், மூன்றாண்டுப் பதவிக்காலம். எந்த ஆற்றில், எந்த வலையை, யார், எப்போது போடலாம் என்ற விதிகளை எழுதுவது அவர்கள்தான். ஒழுங்குமுறை ஆணையத்தில் ஐந்து பேர், ஆறாண்டு. பழைய ஆணையத்தைக் கலைத்துவிட்டு 1999இல் உருவாக்கியது. மின்சாரம், எரிவாயு, எண்ணெய்க் குழாய்க் கட்டணம் எல்லாம் அதன் மேசைக்கு வரும். டீசல் ஜெனரேட்டரை நம்பி வாழும் தொலைதூரக் கிராமங்களுக்குக் கிடைக்கும் மின்கட்டண உதவி எவ்வளவு என்ற கணக்கும் அங்கேதான் போடப்படுகிறது.

ஆளுநர் விஷயமும் அப்படியே. டெல்லி அனுப்பி வைக்கும் ராஜ்பவன் ஆளுநர் அல்ல இவர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர், நம் கணக்கில் முதல்வர் மாதிரி. அவர் முன்மொழிவதும் சபை ஒப்புதல் தருவதும் இரண்டு தனித்தனி அதிகாரங்களின் மோதல். தமிழ்நாட்டில் மின்சார ஒழுங்குமுறை ஆணைய உறுப்பினரை 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி ஒரு தேர்வுக் குழு பரிந்துரைக்க, அரசு நியமிக்கிறது. சட்டமன்றம் கை தூக்குவதே இல்லை. அந்தப் பழக்கத்தில், அலாஸ்கா ஒப்புதலையும் வெறும் சடங்கு என்று நாம் எடுத்துக்கொண்டுவிடுகிறோம்.

31 என்ற எண்ணை மறப்பது

இதுதான் அடிக்கடி நடக்கிற, ஆனால் மிக எளிதாகத் தவிர்க்கக்கூடிய தவறு. கீழவையில் 40 பேர், மேலவையில் 20 பேர். மாநில அரசியல் சாசனத்தின் மூன்றாம் பிரிவுப்படி, இரு அவைகளும் ஒரே அரங்கில் கூட்டாக அமர்ந்து, *மொத்த* உறுப்பினர்களில் பெரும்பான்மையால் ஒப்புதல் தர வேண்டும். அறுபதில் பாதிக்கு மேல் என்றால் 31. வந்திருப்பவர்களில் பாதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதன் விளைவை யோசித்துப் பாருங்கள். வாக்கெடுப்பு நாளில் ஐந்து பேர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆதரவு 30, எதிர்ப்பு 25. சாதாரண மசோதா கணக்கில் இது நல்ல வெற்றி. இங்கே தோல்வி. வராதவர் எதிர்த்து வாக்களித்ததற்குச் சமம். ஆகவே ‘எத்தனை பேர் எதிர்க்கிறார்கள்’ என்று எண்ணிக்கொண்டிருப்பது வீண் வேலை. 31 பேர் கிடைப்பார்களா என்பது மட்டுமே கேள்வி. ஓரிரு வாக்கில் பதவி போன கதைகள் உண்டு. 2015இல் அப்படி ஒன்று நடந்தது, கீழே வருகிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம், வாக்கெடுப்பே நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பது. 2020இல் பெருந்தொற்றால் கூட்டமர்வு கூடவில்லை. வாக்கெடுப்பு இல்லாமல் கெடு முடிந்தால் நிராகரித்ததாகவே பொருள் என்று சட்டத்தில் இருந்தது; அந்தக் கெடுவைத் தள்ளிப்போட ஒரு தனிச் சட்டமும் கொண்டுவந்தார்கள். ஆளுநரோ தன் ஆட்களைத் தொடர்ந்து பதவியில் வைத்திருந்தார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021இல் நீதிமன்றம் ஆளுநர் பக்கம் நின்றது: ஏற்பதோ மறுப்பதோ, கூட்டாக அமர்ந்து வாக்களித்துத்தான் செய்ய வேண்டும், சும்மா இருந்து நிராகரிக்க முடியாது. அதற்கு முன்பு வந்த கட்டுரைகளை நம்பி ‘காலாவதியானால் பதவி போய்விடும்’ என்று இன்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒப்புதல் வராத காலத்தில் நியமிக்கப்பட்டவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பதும் சரியல்ல. இடையில் காலியான இடத்துக்கு வந்தவர் முழு அதிகாரத்தோடு கூட்டங்களில் அமர்வார், வாக்களிப்பார். குளிர்காலம் முழுக்க விதிகளை மாற்றிவிட்டு, வசந்தத்தில் சபையால் வீட்டுக்கு அனுப்பப்படவும் வாய்ப்புண்டு.

இரண்டு அமைப்புகளுக்கும் ஒரே கேள்வியை வைத்திருப்பது

என் பார்வையில் மோசமான தவறு இது.

மீன்வள வாரியம் செய்வது கிட்டத்தட்ட சட்டம் இயற்றும் வேலை. யாரும் ஒரு முன்மொழிவை எழுதி அனுப்பலாம். ஊர்ப்புறங்களில் 80க்கு மேற்பட்ட ஆலோசனைக் குழுக்கள் கருத்துச் சொல்லும். வாரியம் ஏற்கும் அல்லது தள்ளும். அதனால் முன்மொழியப்பட்டவரிடம் அவருடைய நிலைப்பாடு என்ன என்று முகத்துக்கு நேராகக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

கீனாய் ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். குக் இன்லெட் கடற்கழியின் கிழக்குக் கரையில் செட்நெட் மீனவர்கள் கரையிலிருந்து கடலுக்குள் செவுள் வலையை நேராக நீட்டி, நங்கூரம் போட்டு நிறுத்துகிறார்கள். கடல் ஏற்றத்தில், சால்மன் மீனில் ஒரு வகையான சாக்கை கூட்டம் கூட்டமாக ஆற்றை நோக்கி வரும். அதே தண்ணீரில், அதே வாரங்களில், எண்ணிக்கையில் குறைந்துபோன கிங் என்ற இன்னொரு சால்மன் வகையும் வரும். வலைக்கு எது எந்த மீன் என்று தெரியுமா? சாக்கை ஏராளமாக வந்த 2023இல்கூட, கிங்கைக் காப்பாற்ற அந்த மீனவர்களுக்குப் பருவம் முழுக்க வலை போடத் தடை. ஆற்றுக்குள்ளே தூண்டில்காரர்கள், அவர்களுக்கு வழிகாட்டும் படகுத் தொழில், நீண்ட கைப்பிடி வலையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று வீட்டுக்கு மீன் அள்ளும் குடும்பங்கள். கழியின் நடுவே மிதவை வலைப் படகுகள். எல்லாருக்கும் வேண்டியது ஒரே மீன்.

இதில் பங்கு பிரிக்க அளவுகோல்களைச் சட்டமே தருகிறது: அந்த மீன்பிடிப்பின் வரலாறு, எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள், குடும்ப உணவுக்கு அது எவ்வளவு முக்கியம், வேறு இடம் உண்டா, பொருளாதாரம், பொழுதுபோக்கு. ‘இவற்றில் எதற்கு முதலிடம் தருவீர்கள், கிங் குறைந்து சாக்கை பெருகும் ஆண்டில் என்ன செய்வீர்கள்?’ நல்ல கேள்வி. நழுவினால் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

ஒழுங்குமுறை ஆணையத்துக்கு வரும் ஒருவரிடம் இதே பாணியில் ‘எரிவாயுக் கம்பெனி கேட்கும் கட்டண உயர்வை எதிர்ப்பீர்களா?’ என்று கேட்டால், பதில் சொல்லாதவர்தான் தகுதியானவர். அவர் அங்கே ஏறக்குறைய நீதிபதி. நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றி முன்கூட்டியே வாக்குக் கொடுத்தவர், பிறகு அந்த வழக்கில் உட்கார முடியாமல் போகலாம். அவரை ‘மழுப்புகிறார், மக்களுக்கு எதிரானவர்’ என்று எழுதுவது அநியாயம். அவரிடம் கேட்க வேண்டியவை வேறு. கணக்குத் தாக்கல்களை வாசிக்கத் தெரியுமா? சக உறுப்பினர் நால்வரும் ஒரு பக்கம் நிற்கும்போது மாற்றுக் கருத்தை எழுதும் தைரியம் உண்டா? வழக்கறிஞராகவோ, பொறியியல், நிதி, பொருளியல், கணக்கியல், நிர்வாகம் போன்ற துறைகளில் பட்டமோ ஐந்தாண்டு அனுபவமோ உள்ளவராகவோ இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதும் இதற்காகவே. மீன்வள வாரியத்துக்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. பொதுநல அக்கறை, நல்ல தீர்ப்பறிவு, துறையறிவு என்று பொதுவாகத்தான் சொல்லியிருக்கிறது.

ஆணைய நியமனம் சத்தமில்லாமல் கடந்துபோவதையும் பார்க்கிறேன். மீன் நியமனத்துக்குக் கடிதம் குவியும். ஆணையத்துக்கு வருபவரைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. ஆனால் 2022இல், எரிவாயு எடுக்கும் ஹில்கார்ப் நிறுவனம், குக் இன்லெட் எரிவாயுவுக்குப் புதிய ஒப்பந்தங்களை எதிர்பார்க்க வேண்டாம் என்று மின் நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது. ஆங்கரேஜ் நகரத்து வீடுகள் குளிர்காலத்தைத் தாண்டுவது அந்த எரிவாயுவில்தான். அடுத்து இறக்குமதியா, எந்த விலைக்கு என்ற ஒப்பந்தங்களெல்லாம் இந்த ஐந்து பேர் முன்னால்தான் வரும். ஆறாண்டுக்கு ஒருவர். தகுந்த காரணம் காட்டாமல் ஆளுநராலும் நீக்க முடியாது.

‘எங்கள் சீட்’ என்ற நினைப்பு

மீன்வள வாரியத்தின் ஏழு இடங்களில் வணிக மீனவர்களுக்கு இத்தனை, தூண்டில்காரர்களுக்கு இத்தனை என்று எழுதாத ஒரு கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. பழக்கம் மட்டுமே, சட்டம் அல்ல. சட்டம் கேட்பது பல்வேறு நலன்களும் பார்வைகளும் கலந்த ஒரு வாரியம். கட்சியையோ வசிக்கும் ஊரையோ பார்க்கக் கூடாது என்றும் அதுவே சொல்கிறது.

2015இல் ஆளுநர் பில் வாக்கர், கீனாய் பகுதியில் ஆற்றுப் பாதுகாப்பு வேலை செய்துவந்த ராபர்ட் ரஃப்னரை முன்மொழிந்தார். ஆற்றைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று சொல்ல ஆளில்லை. ‘ஆங்கரேஜ்காரர் இருந்த இடம் அது, ஆங்கரேஜுக்கே வேண்டும்’ என்ற வாதம் ஓங்கியது. மிகக் குறுகிய வித்தியாசத்தில் தோற்றார். மறுவருடம் அதே ஆளுநர் அவரையே மீண்டும் முன்மொழிய, சபை ஏற்றுக்கொண்டது. ஒருமுறை நிராகரிக்கப்பட்டவரின் கதை அதோடு முடிந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

சொந்தப் படகு வைத்திருப்பது குற்றமா?

நலன் முரண்பாடு என்ற சொல்லை எடுத்த எடுப்பில் வீசுகிறோம். மீன் தெரிந்தவர் வேண்டும் என்று சட்டம் கேட்கும்போது, மீன்பிடி உரிமம் வைத்திருப்பவர் வரத்தான் செய்வார். தன் நலன் தொடும் முன்மொழிவு வந்தால் அதை வெளிப்படையாக அறிவித்து, தேவையானால் விலகி உட்கார வேண்டும். முறை அவ்வளவுதான். எத்தனை முன்மொழிவுகளில் அவர் விலக வேண்டிவரும் என்று கேட்பது பயனுள்ளது. படகு இருக்கிறது என்று கத்துவதில் பயனில்லை.

2021இல் ஏப் வில்லியம்ஸ் தோற்றது வேறு காரணத்தால். அவர் பிரிஸ்டல் பே மீனவர்தான். ஆனால் அந்த விரிகுடாவுக்கு மேலே தோண்டத் திட்டமிட்ட பெப்பிள் சுரங்க நிறுவனத்தில் வேலை பார்த்தவர். உலகிலேயே மிக அதிகமாகச் சாக்கை வரும் இடத்தில், தோற்க அது போதும்.

ஒழுங்குமுறை ஆணையத்தில் விதி கறாரானது: மின் நிறுவனத்தில் பதவியோ பங்கோ வைத்திருக்கவே கூடாது. கூட்டுறவு மின் சங்கத்தில் உறுப்பினராக இருப்பது மட்டும் விலக்கு. ஆங்கரேஜில் மின்விளக்கு எரியும் வீடெல்லாம் கூட்டுறவு உறுப்பினர் வீடாக இருக்கும்போது வேறு வழி?

கடிதம் போடுவதற்கு முன்

முன்மொழியப்பட்டவரை விசாரிக்கும் சட்டமன்றக் குழுவின் அறிக்கையில் உறுப்பினர் கையெழுத்திட்டிருப்பதை ஆதரவு என்று எண்ணாதீர்கள். அந்தக் கையெழுத்து, ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களிக்கும் எண்ணத்தைக் காட்டாது என்று அறிக்கையிலேயே எழுதியிருக்கும்.

இழுவைக் கப்பல்கள் ஆழ்கடலில் பொல்லாக் என்ற மீனைப் பிடிக்கும்போது வேறு மீன் சிக்கி வீணாவதைப் பற்றி மீன்வள வாரியத்துக்கு வருபவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால் ஒன்றிய அரசின் எல்லை. அங்கே விதிகளைப் பார்ப்பது வட பசிபிக் மீன்பிடி மேலாண்மைக் கவுன்சில். அதன் உறுப்பினர்களுக்கு இந்த 31 வாக்குக் கணக்கே பொருந்தாது. மீன்வளத் துறையின் பட்ஜெட்டும் வாரியத்தின் கையில் இல்லை.

சட்டமன்றம் கூடும் தலைநகர் ஜூனோவுக்குச் சாலை கிடையாது, நேரில் போவது எல்லாருக்கும் ஆகாது. தொலைபேசி வழியாகக் குழுவின் முன் பேசலாம். அது முடியாதவர்களுக்குச் சட்டமன்றமே ஒரு குறுஞ்செய்தி வசதி வைத்திருக்கிறது: 50 சொற்கள், எல்லா உறுப்பினர்களுக்கும் போகும். ஐம்பதில் முப்பதை வாழ்த்துக்கும் வருத்தத்துக்கும் செலவழிக்காமல், முன்மொழியப்பட்டவர் எந்தக் கூட்டத்தில் எதற்கு எப்படி வாக்களித்தார் என்ற ஒரே ஒரு தகவலை எழுதுங்கள். குழு விசாரணை நடக்கும் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். கூட்டமர்வு நாள் குறித்த பிறகு வரும் செய்திகளை ஊழியர்கள் எண்ணிக்கைக்காக மட்டும்தான் பார்ப்பார்கள்.