கிளட்ச் பெடல் மேலே வரவில்லையா? எண்ணெய் ஊற்றும் முன் இதைப் படியுங்கள்

பினாங்கில், பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைச்சாலையில், ஒரு மழை நாள் மாலை, என் ஹைலக்ஸின் கிளட்ச் பெடல் மிதித்த இடத்திலேயே நின்றுவிட்டது. காலால் மேலே தூக்கி நாலைந்து தடவை மிதித்த பிறகுதான் கியர் விழுந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கிளட்ச் டப்பாவில் எண்ணெய் குறைந்திருந்தது. ஊற்றி நிரப்பிவிட்டுத் தூங்கப் போனேன். ஒரே வாரத்தில் மறுபடியும் அதே கதை.

நிரப்பியதோடு விட்டதுதான் தவறு. கிளட்ச் எண்ணெய் பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. பிரேக்கும் கிளட்சும் ஒரே டப்பாவைப் பங்கிட்டால், பிரேக் பேட் தேயத் தேய அளவு கொஞ்சம் இறங்கும். கிளட்சுக்கென்று தனி டப்பா இருந்து அது குறைந்தால், எங்கோ ஒழுகுகிறது.

எங்கே என்று பார்க்க டார்ச்லைட்டும் விரலும் போதும். பெடலை மிதித்ததும் எண்ணெயைத் தள்ளுவது மேல் பம்ப் (மாஸ்டர் சிலிண்டர்), அந்த அழுத்தத்தில் கிளட்சை விலக்குவது கீழ் பம்ப் (ஸ்லேவ் சிலிண்டர்). மேல் பம்ப் ஒழுகினால் எண்ணெய் காருக்குள்ளேயே வரும். பெடலுக்குப் பின்னால், கம்பி சுவருக்குள் நுழையும் இடத்தைத் தடவிப் பாருங்கள். கீழ் பம்ப் என்றால், கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ரப்பர் உறையின் ஓரத்தை மெல்ல விலக்குங்கள். நான் விலக்கியபோது கறுப்பாக, வழவழவென்று விரலில் வழிந்தது. அடியில் படுக்க வேண்டியிருந்தால் வெறும் ஜேக்கை நம்பாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம்.

வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் சிக்னலில் மிதித்தபடி நிற்கும்போது கார் மெல்ல முன்னே நகரப் பார்க்கிறதா? மேல் பம்பின் உள் ரப்பர் தேய்ந்து, அழுத்தம் உள்ளுக்குள்ளேயே கசிகிறது. இதைத்தான் பலர் 'கிளட்ச் பிளேட் போச்சு' என்று நினைத்து ஏமாறுகிறார்கள். பிளேட் தேய்ந்தால் எஞ்சின் உறுமும், வேகம் ஏறாது. நாலைந்து தடவை மிதித்ததும் கியர் சுலபமாக விழுந்தால் சந்தேகப்பட வேண்டியது எண்ணெய்ப் பக்கத்தை. பிளேட் செட் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். பெரோடுவா கேன்சில் மாதிரி, எண்ணெய் இல்லாமல் கேபிள் இழுத்து வேலை செய்யும் கிளட்ச் உள்ள காருக்கு இந்தக் கதை எதுவும் பொருந்தாது.

எந்த எண்ணெய் என்பதில் விளையாடவே கூடாது. கிளட்சுக்கும் பிரேக் எண்ணெய்தான், டப்பா மூடியில் அதன் வகை பெரும்பாலும் டாட் 3 (DOT 3) அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். அவசரத்துக்கு எஞ்சின் எண்ணெயோ பவர் ஸ்டீயரிங் எண்ணெயோ ஊற்றினால் ரப்பர்கள் உப்பிப்போகும். டப்பா பொதுவாக இருந்தால் பிரேக்கும் கெடும். போன வருஷம் திறந்துவைத்த பாட்டிலும் வேண்டாம். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் உரிந்துவிடும்.

ஒழுகலைச் சரிசெய்த அப்புறம், குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்கும் வேலை. என் தம்பி பெடலில், நான் கீழே. அவன் மிதித்துப் பிடித்ததும் நான் கீழ் பம்பிலுள்ள நிப்பிளை, அதாவது காற்றை வெளியே விடும் திருகை, திறப்பேன். எண்ணெய் குமிழோடு வெளியே வரும். நிப்பிளை மூடிவிட்டு 'விடு' என்று சொன்ன பிறகுதான் அவன் காலை எடுக்க வேண்டும். முதல் தடவை அவன் முந்திக்கொண்டான், வெளியேற்றிய காற்றெல்லாம் திரும்ப உள்ளே போய்விட்டது. நடுவில் டப்பா காலியானாலும் அப்படித்தான், முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிப்பிளுக்கு ரிங் ஸ்பேனர் போடுங்கள், வாய் திறந்த ஸ்பேனர் முனையை மழுக்கிவிடும். கீழ் பம்பைக் கழற்றித் தொங்கவிட்டிருக்கும்போது யாரையும் பெடலை மிதிக்க விடாதீர்கள், பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும்.

சில கார்களில் கீழ் பம்ப் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கும். மேல் பம்ப் காய்ந்திருந்தும் கியர்பாக்ஸ் அடியில் பிரேக் எண்ணெய் சொட்டினால், அது வீட்டில் முடிகிற வேலை இல்லை. பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கும்போதே பிளேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் கையோடு மாற்றிவிடலாம், இறக்கும் கூலி ஒரே தடவைதான்.