பல் வைத்தியரிடம் போகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: வலியும் செலவும்

வன்னியில் பல்வலியை ஒரு வருத்தமாகக் கணக்கில் எடுப்பது, பெரும்பாலும் இரவு நித்திரை முற்றாகக் கெட்ட பின்னர்தான். காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வரட்டும் என்று மாசி, பங்குனி வரை தள்ளிப்போடும் குடும்பங்கள் பல. குளிர்ந்த தண்ணீர் பட்டுக் கூசி உடனே அடங்கும் நிலையில், அப்பல்லை ஒரே நாளில் அடைத்து முடித்துவிடலாம். அதுவே எதுவும் படாமல் தானாக விண்விண்ணென்று வலிக்கத் தொடங்கினால், வேர்ச்சிகிச்சை (பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்து, வேரைச் சுத்தம் செய்து அடைப்பது) செய்யவோ பிடுங்கவோ வேண்டியதாகிவிடும். சில நாட்கள் கடுமையாக வலித்த பல் திடீரென்று அமைதியானால் சுகமாகிவிட்டது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். உள்ளே இருந்த நரம்பு இறந்துபோனதாலும் வலி நிற்கும். கிருமியோ வேர் நுனியை நோக்கித் தன் வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கும்.

மருந்துக்கடையில் அன்டிபயோட்டிக் கேட்டு வாங்கி விழுங்குவது அடுத்த தவறு. சொத்தைக்குள் புண்பட்ட நரம்பின் வலியை அது தீர்க்காது. வீக்கமும் காய்ச்சலும் இருக்கும்போது வைத்தியர் எழுதித் தந்தால்தான் அதற்குப் பயன் உண்டு. வளர்ந்தவர் ஒருவர் 500 மில்லிகிராம் பனடோலை 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. மாரி காலத்தில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை டைக்குளோபெனாக், இபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகளைத் தொடவே கூடாது. தாடைக்கு அடியில் வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ கடினமாகிவிட்டால், அது விடியும்வரை காத்திருக்கும் விடயம் அன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் எது அண்மையிலோ, அதன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இரவிலேயே போய்விட வேண்டும், ஏனெனில் அந்த வீக்கம் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியது.

இவற்றையெல்லாம்விட நான் பெரிதாகக் கருதும் தவறு, வைத்தியரின் கதிரையில் ஏறியதும் வாயடைத்துப்போவதுதான். டொக்டர் கோபிப்பார், தெரியாதவர்போல் தோன்றும் என்ற கூச்சத்தில், வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதை நாம் பொறுமை என்று பாராட்டுகிறோம். விறைப்பு ஊசி சரியாக வேலை செய்தால் அழுத்தமும் இழுவையும் தெரியும், கூர்மையான வலி தெரியக் கூடாது. சீழ் வைத்த இடத்தில் திசு அமிலத்தன்மை அடைவதால் ஊசி மருந்தின் வேகம் குறையும். கீழ்க் கடைவாய்ப் பற்களில் இது அதிகம் நேரும். அப்போது இன்னொரு ஊசி போடலாம், வேறு இடத்தில் போடலாம், அல்லது சீழை வடியவிட்டு வேறொரு நாளில் பிடுங்கலாம். ஆனால் வலிக்கிறது என்று நோயாளி சொன்னால்தானே வைத்தியருக்குத் தெரியும்? வாய்க்குள் கருவி இருக்கையில் பேச முடியாது என்பதால், வலித்தால் இடது கையை உயர்த்துவேன் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

சொல்லாமல் விடக் கூடாதவை வேறும் உண்டு. கிளினிக் கொப்பியைக் கட்டாயம் கொண்டுபோங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்பரின் எடுப்பவர்கள் அதை மறைப்பதும் தவறு, இரத்தம் நிற்காது என்று பயந்து தாங்களாகவே நிறுத்துவது அதைவிட ஆபத்தான தவறு. சீனி வருத்தக்காரர் ஊசிக்குப் பயந்து வெறும் வயிற்றோடு போய் மயங்கி விழுவதும் உண்டு. போரில் முகத்திலோ தாடையிலோ காயப்பட்டவர்கள் உள்ளே உலோகச் சன்னம் இருக்கலாம் என்பதை எக்ஸ்றே எடுப்பதற்கு முன்னரே சொல்லிவிடுவது நல்லது. 2009 கழிந்து இத்தனை ஆண்டுகளாகியும் இங்கு அது அரிய செய்தி அன்று.

அரச வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவில் பல் பிடுங்குவதற்கும் அடைப்பதற்கும் பணம் இல்லை. மாவட்ட வைத்தியசாலைகளோடு மல்லாவி, புதுக்குடியிருப்பு போன்ற ஆதார வைத்தியசாலைகளிலும் முதலில் விசாரிக்காமல் நேரே நகை அடகு வைக்கப் போவது வீண் செலவு. வேர்ச்சிகிச்சை, பல்லுக்கு மூடி போடுதல், செயற்கைப் பல் ஆகியவை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை என்பதால் பலர் தனியாரிடம் போகிறார்கள். அங்கே விலை கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணமே பிந்திய சண்டைகளுக்கு வித்து. சொல்லப்படும் தொகைக்குள் எக்ஸ்றே, எல்லா வருகைகள், தற்காலிக அடைப்பு, மூடி என்பவை அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். முன்பல்லுக்கு வழக்கமாக ஒரு வேர்க்கால்வாய்தான் (வேருக்குள் நரம்பு ஓடும் துவாரம்), கடைவாய்ப் பல்லுக்கு மூன்றோ நான்கோ இருக்கும். இரண்டுக்கும் ஒரே விலை வராது. எத்தனை தரம் வர வேண்டும் என்ற கேள்வியும் செலவைப் பற்றியதே, ஏனெனில் துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ வரும் கூலித்தொழிலாளிக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் காசையும் கொண்டுபோய்விடும்.

வேர்ச்சிகிச்சையில் முதல் நாளிலேயே நரம்பை எடுத்துவிட்டால் வலி பெரும்பாலும் அடங்கிவிடும். அத்தோடு போகாமல் விடுகிறவர்கள்தான் இரண்டு தரம் செலவழிக்கிறார்கள். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கே உரியது. அது தேய்ந்து எச்சில் உள்ளே இறங்கினால் கிருமி மறுபடி குடிபுகும். சிகிச்சையை முடித்தாலும், மூடி போடாத கடைவாய்ப் பல் கடிக்கும் வேகத்தில் பிளந்துபோகலாம். முழுச் செலவும் கைக்கு எட்டாது என்று தெரிந்தால், அதை முதல் நாளே வைத்தியரிடம் சொல்லி, கட்டம் கட்டமாகச் செலுத்தலாமா, இல்லையேல் பிடுங்குவதே மேலா என்று ஆலோசிப்பது வெட்கப்பட வேண்டிய காரியம் அன்று.

பல் பிடுங்கிய அன்று வாயைக் கொப்பளிப்பது, வெற்றிலை போடுவது, புகைப்பது மூன்றும் ஆகா. இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் வலி குறையாமல் காதுவரை ஏறினால், குழியில் உறைந்த இரத்தம் கழன்று எலும்பு வெளித்தெரிகிறது என்று ஐயுறலாம். பிழையாகப் பிடுங்கிவிட்டார் என்று திட்டிக்கொண்டு வேறிடம் ஓடாமல் அதே வைத்தியரிடம் போனால், கழுவி மருந்து வைத்துவிடுவார்.

உண்மையிலேயே வேலையில் பிழை என்று தோன்றினால், வாய்ச்சண்டைக்கு முன் பற்றுச்சீட்டையும் எக்ஸ்றேயையும் கையில் எடுங்கள். இன்னொரு பல் வைத்தியரிடம் காட்டுங்கள், ஆனால் அவர் அந்த வேலையைக் கழற்றித் திருத்துவதற்கு முன் அதன் நிலையைப் பதிந்து தரச் சொல்லுங்கள். பல் வைத்தியர்கள் பதிவுசெய்யப்படுவது இலங்கை மருத்துவ சபையில். தொழில் ஒழுக்கம் பற்றிய முறைப்பாடு அங்கே போக வேண்டும். தனியார் மருத்துவ நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதியப்பட வேண்டியவை. குறைந்த விலைக்கு வீட்டுக்கு வந்து பல் கட்டித் தருகிறேன் என்பவரிடம் இந்தப் பதிவு எதுவும் இராது. அவரிடம் காசு கொடுத்துக் கெட்ட வாய்க்கு முறையிட ஒரு சபையும் இல்லை, பொலிஸ் நிலையம்தான் மிஞ்சும்.